பௌர்ணமி நிலவைப் படமெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பௌர்ணமியன்று எடுக்கும் படங்களில் நிலவு பெரும்பாலும் வெறும் வெள்ளை வட்டமாகவே வந்து நிற்கிறது. முயலும் தெரிவதில்லை, வடை சுடும் பாட்டியும் தெரிவதில்லை. இரவில் எடுக்கிறோம் என்பதற்காக இரவுக்கான அமைப்புகளையே கேமராவில் வைத்துவிடுவதுதான் காரணம். இருட்டில் நிற்பது நாம்தான். நிலவின் தரையிலோ அந்நேரம் முழு வெயில் அடிக்கிறது. வெயிலில் கிடக்கும் கரும்பாறையைப் படமெடுக்க எவ்வளவு எக்ஸ்போஷர் (கேமராவுக்குள் விடும் ஒளியின் அளவு) வேண்டுமோ, ஏறத்தாழ அவ்வளவே நிலவுக்கும் போதும்.

தானியங்கி முறையில் இயங்கும் கேமராவுக்கு இது தெரியாது. பரந்த கருவானத்தைக் கண்டு, அதை வெளிச்சமாக்க முயன்று, நிலவை வெளிறச் செய்துவிடும். ஆகவே மேனுவல் முறைக்கு மாறுங்கள். எஃப்/11 (லென்ஸ் துளையின் அளவு), ஐஎஸ்ஓ 100 (ஒளியை உணரும் திறன்), ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/125 விநாடி என்று தொடங்கலாம். நிலவு தாழ்வாக இருந்தாலோ மெல்லிய மேகம் மறைத்தாலோ இன்னும் சற்று ஒளி தேவைப்படும். கைபேசியில் எடுப்பவர்கள் நைட் மோடை அணைத்துவிட்டு, திரையில் நிலவின் மீது விரலை அழுத்திப் பிடித்து, வெளிச்சத்தை நன்றாகக் குறைக்க வேண்டும். நிறங்களைச் சமன்செய்யும் ஒயிட் பேலன்ஸையும் பகல் வெயிலுக்கு உரியதாகவே வையுங்கள். அதைத் தானியங்கியில் விட்டால், உதிக்கும் நிலவின் செம்பு நிறத்தைக் கேமரா ‘திருத்தி’ வெளுத்துவிடக்கூடும்.

முக்காலி இருக்கிறதே என்று ஷட்டரை நீண்ட நேரம் திறந்து வைப்பதும் தவறு. பூமி சுழல்வதால் நிலவு சுமார் இரண்டு நிமிடத்தில் தன் அகலம் அளவுக்கு நகர்ந்துவிடுகிறது. 600 மி.மீ. லென்ஸில் ஒரு விநாடி போதும், விளிம்பு மங்கிவிடும். ஃபோகஸுக்கு லென்ஸில் உள்ள முடிவிலிக் குறியை (∞) நம்ப வேண்டாம். திரையில் நிலவைப் பெரிதாக்கிப் பார்த்துக் கையால் திருப்புங்கள். ஜன்னல் கண்ணாடி வழியாக எடுக்காதீர்கள்.

இனி, அதிகம் பேர் ஏமாறும் இடத்துக்கு வருவோம். அடிவானத்தில் எழும் நிலவு கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிறது. படத்தில் பொட்டாகச் சுருங்கிவிடுகிறது. உச்சியில் இருந்தாலும் அடிவானத்தில் இருந்தாலும் வானில் அதன் அகலம் சுமார் அரை டிகிரிதான்; பெரிதாகத் தெரிவது மனத்தின் மயக்கம். 50 மி.மீ. லென்ஸ் போட்டால் படம் பதியும் சென்சாரில் விழும் நிலவு அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. நீண்ட லென்ஸ் வேண்டும். அதோடு, முன்னால் இருக்கும் பொருளைவிட்டு நாம் வெகுதூரம் பின்வாங்கவும் வேண்டும். பலர் செய்யாமல் விடுவது இந்த இரண்டாவதைத்தான்.

கன்னியாகுமரியை எடுத்துக்கொள்வோம். சித்ரா பௌர்ணமியன்று ஒருபுறம் சூரியன் மறைவதையும் மறுபுறம் நிலவு எழுவதையும் காண அங்கே பெருங்கூட்டம் கூடும். பீடத்தோடு சேர்த்து 133 அடி உயரமுள்ள திருவள்ளுவர் சிலையைக் கரையில் நின்று எடுத்தால், அதன் அருகே நிலவு மிகச் சிறிதாகவே தெரியும். எந்த லென்ஸ் போட்டாலும் அந்த விகிதம் மாறாது. ஒரு பொருள் நிலவின் அளவுக்குத் தெரிய, அதன் உயரத்தைப்போல் சுமார் 110 மடங்கு தொலைவில் நாம் நிற்க வேண்டும். வள்ளுவர் சிலைக்கு அது ஏறத்தாழ நாலரை கிலோமீட்டர். ஐந்தரை அடி மனிதருக்கு 600 அடி போதும். அத்தனை தூரத்திலிருந்து தடையில்லாமல் தெரிகிறதா என்பதைப் பகலிலேயே போய்ப் பார்த்துவிடுவது நல்லது.

சென்ற மாதம் நின்ற இடத்திலேயே இந்த மாதமும் நிற்பது இன்னொரு பிழை. முழுநிலவு சூரியனுக்கு நேரெதிரே இருப்பது. மார்கழியில் சூரியன் தென்கிழக்கில் உதிக்கிறது, பௌர்ணமி நிலவோ வடகிழக்கில் எழுகிறது. ஆனியில் இது தலைகீழாகும். எந்தத் திசையில், எத்தனை மணிக்கு எழும் என்பதை ஸ்டெல்லேரியம் போன்ற செயலிகள் முன்கூட்டியே காட்டிவிடும்.

நன்றாக இருட்டட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். சூரியன் மறைந்து 20 நிமிடம் வரைதான் சிலையும் நிலவும் ஒரே எக்ஸ்போஷரில் அடங்கும். பிறகு சிலை கருக்கும், அல்லது நிலவு வெளிறும். நிலவு நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. அதனால் பௌர்ணமிக்கு முந்தைய மாலையே பல நேரம் வசதியானது. அப்போது பொழுது சாய்வதற்குள் நிலவு மேலே வந்திருக்கும். வேறு நாளில் எடுத்த நிலவை வெட்டி ஒட்டுவதை நான் ஏற்பதில்லை. இந்தத் திசைக்கும் நேரத்துக்கும் காத்திருப்பதுதானே இக்கலையின் சுவை!

பூமிக்கு அருகில் வரும் முழுநிலவான ‘சூப்பர் மூன்’ பற்றிய செய்திகளை நம்பி அவசரப்படவும் தேவையில்லை. மிகச் சிறிய பௌர்ணமி நிலவோடு ஒப்பிட்டாலே அது அகலத்தில் 14 சதவீதம்தான் பெரிது.

பள்ளங்களையும் மலைகளையும் எடுக்க விரும்புகிறவர்களுக்குப் பௌர்ணமி ஏற்ற நாளே அல்ல. வெயில் நேராக விழுவதால் நிழல் இருக்காது. நிழல் இல்லாமல் மேடுபள்ளம் தெரியாது. அதற்கு வளர்பிறை அஷ்டமியை ஒட்டிய மாலைகளைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமியில் சிறப்பாகப் பதிவாவது வேறு: கருமையான எரிமலைக்குழம்புச் சமவெளிகளும், தெற்கே டைக்கோ பள்ளத்திலிருந்து நாற்புறமும் பாயும் வெண்கீற்றுகளும். கேமரா பதிந்த தகவலை அப்படியே வைத்திருக்கும் ரா (RAW) கோப்பாக எடுத்துக் கணினியில் கான்ட்ராஸ்டைச் சற்றே கூட்டினால் அந்தக் கீற்றுகள் துலங்கி வரும்.