பழைய மாருதி 800 எஞ்சினை வீட்டிலேயே பிரித்துப் புதுப்பிப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை விளக்கம்

1983 டிசம்பரில் முதல் வண்டி வெளிவந்து, 2014 ஜனவரியில் உற்பத்தி நின்றுபோன மாருதி 800, செங்கோட்டையிலிருந்து புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகப் புனலூர் செல்லும் மலைப்பாதையில் இன்றும் அன்றாடம் ஏறி இறங்குகிறது. ஒன்றரை லட்சம் கிலோமீட்டரைக் கடந்த இவ்வண்டிகளுக்கு எஞ்சின் வேலை வந்துவிட்டால், பல இடங்களில் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்கை மட்டும் மாற்றி மூடிக் கொடுத்துவிடுகிறார்கள். நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்ட சிலிண்டருக்குள் வட்டமான புது ரிங்கைப் போட்டால் அது எல்லாப் பக்கமும் படியாது. சில மாதங்களிலேயே புகையும் எண்ணெய்ச் செலவும் திரும்பிவிடும். எனவே எதை மாற்றுவது, எதை விடுவது என்பதை அளவுகோல்தான் முடிவு செய்ய வேண்டும். அளவெடுக்கும் பொறுமை உள்ள எவரும், போரிங் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைதல்) போன்ற இயந்திர வேலைகள் நீங்கலாக, மற்ற எல்லாவற்றையும் வீட்டு முற்றத்திலேயே செய்துகொள்ளலாம்.

இவ்விளக்கம் கார்ப்பரேட்டர் பொருத்திய, 796 சி.சி. கொள்ளளவுள்ள, மூன்று சிலிண்டர்களும் ஆறு வால்வுகளும் கொண்ட எஃப்8பி எஞ்சினுக்கு உரியது. சிலிண்டர்கள் அமைந்த பிளாக் வார்ப்பிரும்பு, அதன்மேல் மூடியாக அமர்ந்து வால்வுகளைத் தாங்கும் ஹெட் அலுமினியம்; சிலிண்டரின் விட்டம் 68.5 மி.மீ., பிஸ்டன் ஓடும் நீளம் 72 மி.மீ. எளிமையான அமைப்பு என்பதால், முதன்முதலாக எஞ்சின் பிரிப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான எஞ்சின் கிடைப்பது அரிது.

பிரிப்பதற்கு முன்பு

புகையைக் கவனிப்பதிலிருந்து தொடங்குங்கள். இதற்கு நம் மலைப்பாதையே நல்ல சோதனைக் களம். கோட்டைவாசலிலிருந்து புளியரை எஸ் வளைவு வழியாக ஆக்சிலேட்டரை மிதிக்காமல் கியரிலேயே இறங்கும்போது, சிலிண்டருக்குள் வெற்றிடம் கூடி, தேய்ந்த வால்வு கைடு, கெட்டுப்போன வால்வு சீல் வழியாக எண்ணெய் உள்ளே இழுக்கப்படும். அடிவாரம் வந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் பின்னால் ஒரு நீலப்புகை மண்டலம் எழுந்து மறைந்தால், குற்றம் பெரும்பாலும் ஹெட்டில் இருக்கிறது. அதே பாதையில் பாரத்தோடு ஏறும்போது நீலப்புகை விடாமல் வந்துகொண்டே இருந்தால் ரிங்கும் போரும் (சிலிண்டரின் உட்குழி) தேய்ந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

அடுத்தது கம்ப்ரஷன் சோதனை. எஞ்சின் சூடாக இருக்கும்போது மூன்று பிளக்குகளையும் கழற்றி, இக்னிஷன் காயிலின் இணைப்பைத் துண்டித்து, ஆக்சிலேட்டரை முழுவதும் அழுத்திப் பிடித்தபடி ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஐந்தாறு விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல நிலையில் உள்ள எஞ்சினில் இது 150 முதல் 170 பி.எஸ்.ஐ. வரை இருக்கும், சிலிண்டர்களுக்கு இடையே 15 பி.எஸ்.ஐ.க்கு மேல் வேறுபாடு இருந்தால் கோளாறு உண்டு. குறைவாகக் காட்டும் சிலிண்டருக்குள் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயிலை ஊற்றி மறுபடி சோதியுங்கள். அளவு சட்டென ஏறினால் ரிங் அல்லது போர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கட்டையோ பார்க்க வேண்டும்.

சாரல் காலத்தில் பக்கத்து ஊர்களுக்கு மட்டுமே ஓடும் வண்டியில் ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணிற நுரை படிவது இயல்பு. எஞ்சின் முழுச் சூட்டை எட்டாததால் ஈரம் அங்கே தங்கிவிடுகிறது. டிப்ஸ்டிக்கிலும் எண்ணெய் பால்போல் மாறியிருந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால் மட்டுமே ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகியுங்கள்.

இறக்குவதும் பிரிப்பதும்

பேட்டரி இணைப்பை முதலில் கழற்றுங்கள். தண்ணீரையும் எண்ணெயையும் வடித்து, பானட், ஏர் ஃபில்டர், கார்ப்பரேட்டர், சைலன்சர் குழாய் ஆகியவற்றை எடுத்தபின், கியர் பாக்ஸைக் கீழ்வழியாக இறக்கிவிட்டு எஞ்சினைச் செயின் பிளாக்கால் மேலே தூக்கலாம். வண்டிக்கு அடியில் நுழையும் முன் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். ஓட்டு வீட்டின் உத்திரத்திலோ மாமரக் கிளையிலோ செயின் பிளாக்கைத் தொங்கவிடுவதை நான் ஏற்பதில்லை. ஒரு நாள் வாடகைக்கு இரும்பு முக்காலி எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

ஒவ்வொரு வயரையும் வெற்றிடக் குழாயையும் கழற்றும் முன் படம் பிடித்து, துணிப் பட்டை ஒட்டி எண் எழுதுங்கள். டிஸ்ட்ரிபியூட்டரின் உடலிலும் ரோட்டர் நிற்கும் திசையிலும் அடையாளமிடுங்கள். ஹெட் போல்ட்டுகளை எஞ்சின் முற்றிலும் ஆறிய பிறகு, ஓரங்களிலிருந்து நடுவை நோக்கிச் சிறிது சிறிதாகத் தளர்த்த வேண்டும். ஒரே பக்கமாகத் தளர்த்தினால் அலுமினிய ஹெட் வளைந்துவிடும். கனெக்டிங் ராட் மூடிகளும் மெயின் பேரிங் மூடிகளும் அந்தந்த இடத்திற்கென்றே கடைசல் செய்யப்பட்டவை. அவற்றை மாற்றிப் போடக் கூடாது, திசையையும் திருப்பக் கூடாது.

பிஸ்டனை வெளியே தள்ளும் முன் சிலிண்டரின் மேல் விளிம்பை விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். ரிங் எட்டாத பகுதி தேயாமல் இருக்க, அதற்குக் கீழே தேய்ந்திருப்பதால் ஒரு சிறு படி நகத்தில் தட்டும். அதிலுள்ள கரியைச் சுரண்டி எடுத்த பிறகே பிஸ்டனைத் தள்ள வேண்டும். இந்தப் படியை அப்படியே விட்டுப் புது ரிங் போட்டால், மேல் ரிங் அதில் மோதி உடையவும் கூடும்.

அளவெடுத்தல்

இந்த வேலை முழுவதிலும் அவசரப்படவே கூடாத கட்டம் இதுதான். எரியும் வாயுக்களின் அழுத்தம் மிகுந்தும் எண்ணெய்ப் படலம் மெலிந்தும் இருப்பது சிலிண்டரின் மேற்பகுதியில். எனவே தேய்மானமும் அங்கேதான் அதிகம். சிலிண்டரின் உள்விட்டத்தை அளக்கும் போர் கேஜைக் கொண்டு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல், நடு, கீழ் ஆகிய மூன்று இடங்களில், கிராங்க் ஷாஃப்ட்டின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலுமாக, மொத்தம் ஆறு அளவுகள் எடுத்துத் தாளில் எழுதுங்கள். இவற்றுக்கிடையே வேறுபாடு 0.1 மி.மீ. அளவை எட்டினால் ரீபோர் செய்வதே, அதாவது போரைச் சற்றுப் பெரிதாகக் கடைவதே முறை. ஒரு சிலிண்டர் மட்டும் கெட்டிருந்தாலும் மூன்றையும் ஒரே அளவுக்குத்தான் கடைய வேண்டும். சொந்தமாகப் போர் கேஜ் வாங்கத் தேவையில்லை. தென்காசி, திருநெல்வேலி, புனலூர் போன்ற ஊர்களில் உள்ள லேத் பட்டறைகளில் அளந்து தருவார்கள். நீங்கள் அருகில் நின்று எண்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

கடைந்த போருக்கேற்ற, சற்றுப் பெரிய ஓவர்சைஸ் பிஸ்டன்கள் 0.25 மி.மீ., 0.50 மி.மீ. என்ற அளவுகளில் வருகின்றன. எந்த அளவு என்பது முடிவானதும் பிஸ்டன்களை முதலில் வாங்கிப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். பிஸ்டனை மைக்ரோமீட்டரால் அளந்து, அதற்கு 0.04 முதல் 0.05 மி.மீ. இடைவெளி கிடைக்கும்படி போரைக் கடைந்து, உட்சுவரில் குறுக்குக் கீறல்கள் விழும்படி கல்லால் தேய்த்து ஹோனிங் செய்ய வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பிக் கடையக் கூடாது. பிஸ்டன் பின் மாற்றும் வேலையையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம். போர் 0.50 மி.மீ. அளவையும் தாண்டித் தேய்ந்திருந்தால் உள்ளே ஸ்லீவ் என்னும் உலோகக் குழலை அடித்துப் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். வேறு வண்டியின் பிளாக்கை வாங்கிப் போடுவதைவிட இதையே நான் பரிந்துரைப்பேன். பிளாக் மாறினால் எஞ்சின் எண்ணும் மாறும், அதை ஆர்.சி.யில் முறைப்படி பதியாவிட்டால், 15 ஆண்டுக்குப் பிறகு பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது சிக்கலாகும். கேரளப் பதிவெண் வண்டியைச் செங்கோட்டையில் வைத்து ஓட்டுபவர்களுக்கு அலைச்சல் இன்னும் கூடுதல்.

கிராங்க் ஷாஃப்ட்டின் ஜர்னல்களில் (பேரிங்கில் சுழலும் வழவழப்பான பகுதிகள்) நகத்தில் தட்டும் கோடுகள் இருந்தால் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போட வேண்டும். புது பேரிங்கை வைத்ததும் பிளாஸ்டிகேஜ் இழையை ஜர்னலின் மேல் கிடத்தி, மூடியை உரிய இறுக்கத்தில் முறுக்கிக் கழற்றிப் பாருங்கள். நசுங்கிய இழையின் அகலம் எண்ணெய் இடைவெளியைக் காட்டும். 0.02 முதல் 0.04 மி.மீ. வரை இருந்தால் நல்லது. இழை இருக்கும்போது கிராங்கைச் சுற்றிவிடாதீர்கள்.

ஹெட்டின் அடிப்பரப்பில் நேர்விளிம்புக் கட்டையை நீளவாக்கிலும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) நுழைகிறதா என்று பாருங்கள். நுழைந்தால் பரப்பைச் சமன் செய்யக் கொடுக்க வேண்டும். வால்வுகளைக் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, வால்வின் தலையைக் கவ்வும் ரப்பர் முனையுள்ள உறிஞ்சுகுச்சியால் இருபுறமும் உருட்டித் தேய்த்தால், சீட்டில் முழு வட்டமாக ஒரே அகலத்தில் மங்கலான சாம்பல்நிற வளையம் தெரியும். அதன்பின் வால்வுகளைப் பொருத்தி, எரியறைக்குள் பெட்ரோல் ஊற்றிச் சற்று நேரம் விட்டுப் பார்த்துக் கசிவில்லை என்று உறுதி செய்யுங்கள். வால்வு சீல்களை எந்த நிலையில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

கழுவுதல்

பட்டறையிலிருந்து வந்த பிளாக்கை மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு நேரே பூட்டுவது பரவலான பழக்கம். எஞ்சினைப் பாழாக்குவதும் அதுதான். ஹோனிங் கல்லின் நுண்துகள் அந்தக் குறுக்குக் கீறல்களுக்குள் பதிந்திருக்கும். மண்ணெண்ணெய் அதை வெளியேற்றாது. வெந்நீரும் சோப்புத் தூளும் கலந்து, கெட்டியான பிரஷ்ஷால் போரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். பிறகு வெள்ளை வேட்டித் துணியில் சிறிது எண்ணெய் தொட்டுப் போரின் உட்சுவரைத் துடைத்துப் பார்த்தால், முதலில் துணியில் சாம்பல்நிறக் கோடு விழும். அந்தக் கோடு விழுவது நிற்கும் வரை மறுபடி மறுபடி கழுவுங்கள். எண்ணெய் ஓடும் துளைகளுக்குள் மெல்லிய பிரஷ் விட்டுக் காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். கழுவி முடித்த கணமே போர் முழுவதும் எஞ்சின் ஆயில் பூசிவிட வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் நம் பகுதியின் ஈரக்காற்றில் பூசாமல் விட்ட வார்ப்பிரும்பு ஓர் இரவுக்குள் துருவேறிவிடும்.

பூட்டுதல்

ஒவ்வொரு ரிங்கையும் பிஸ்டனில் ஏற்றும் முன், தனியாகச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து நேராகக் கீழே தள்ளி, ரிங்கின் வெட்டு வாயில் உள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் அளந்து பாருங்கள். 0.2 முதல் 0.3 மி.மீ. வரை இருப்பது பொருத்தம். எழுத்துக்குறி உள்ள பக்கம் மேலே வர வேண்டும். வாய்கள் ஒரே நேர்கோட்டில் அமையாதபடி 120 பாகை வீதம் தள்ளி வையுங்கள். பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி கிராங்க் புல்லி இருக்கும் பக்கத்தை நோக்க வேண்டும்.

கிராங்கை வைத்து ஒவ்வொரு மூடியையும் முறுக்கிய பின்பும் அதைக் கையால் சுற்றிப் பாருங்கள். எந்த மூடிக்குப் பிறகு இறுகுகிறதோ அங்கேயே நிறுத்தி, அதைக் கழற்றி ஆராயுங்கள். எல்லாவற்றையும் பூட்டி முடித்த பிறகு இறுக்கத்தைக் கண்டால் காரணம் தேடுவது கடினம். ஆயில் பம்ப்பைப் பொருத்தும் முன் அதற்குள் எண்ணெய் நிரப்புங்கள். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து ஓரங்களை நோக்கி மூன்று கட்டங்களாக, சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுக்கு, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முறுக்குங்கள். கைக்கணக்கு இங்கே உதவாது; டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால் இரவல் வாங்கியாவது வாருங்கள்.

புதிய டைமிங் பெல்ட்டைக் குறிகள் நேராக நிற்கும்படி மாட்டி, ஸ்பேனரால் கிராங்கை இரண்டு முழுச் சுற்றுகள் சுற்றி, குறிகள் மீண்டும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். வால்வு இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில் 0.15 மி.மீ. வையுங்கள். பிளக் வயர்களை 1-3-2 என்ற வரிசைப்படி மாட்டுங்கள். தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் எஞ்சின் சூடேறாது என்று சொல்பவர்களின் பேச்சைக் கேட்க வேண்டாம். எப்போதும் குளிர்ந்தே ஓடும் எஞ்சின் விரைவில் தேயும். புது தெர்மோஸ்டாட்டும் கூலண்ட்டும் போடுங்கள்.

முதல் ஓட்டம்

பிளக்குகளைக் கழற்றிய நிலையில், ஆயில் விளக்கு அணையும் வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். பிறகு பிளக்குகளை மாட்டி ஸ்டார்ட் செய்து, கசிவுகளைப் பார்த்துவிட்டு, நெடுநேரம் ஐட்லிங்கில் விடாமல் சாலைக்குக் கொண்டுபோங்கள். மிதமான பாரத்தில் ஓடினால்தான் ரிங் போருடன் படியும். கடையநல்லூர்ப் பக்கம் போகும் சமதளச் சாலையில், மிதமாக ஆக்சிலேட்டர் கொடுப்பதும் கியரிலேயே வேகத்தைத் தணிய விடுவதுமாக மாற்றி மாற்றி ஓட்டுங்கள். ஒரே வேகத்தில் நீண்ட தூரம் போவதையும், மலையில் உயர் கியரில் திணறவிட்டு ஏற்றுவதையும் முதல் 500 கிலோமீட்டர் வரை தவிர்க்க வேண்டும். அந்தத் தூரம் முடிந்ததும் எண்ணெயையும் ஆயில் ஃபில்டரையும் மாற்றுங்கள். வடித்த எண்ணெயைச் சூரிய ஒளியில் பாருங்கள். நுண்ணிய மினுமினுப்பு இருப்பது இயல்பு. கையில் உறுத்தும் உலோகச் சீவல்கள் இருந்தால் வண்டியை ஓட்டாமல் எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியான சம்ப்பைக் கழற்றிப் பேரிங்கைப் பார்க்க வேண்டும். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு வால்வு இடைவெளியை மீண்டும் அளந்து சரிசெய்துகொள்ளுங்கள். கேஸ்கட் அமர்ந்திருப்பதால் அது சிறிது மாறியிருக்கும்.