பழைய எம்எக்ஸ்-5 டெயில் லைட்: பல்பை மாற்றுவதற்கு முன் தண்ணீரைத் தேடுங்கள்

மழை பெய்த மறுநாள் டெயில் லைட் எரியவில்லை என்றால் பல்பு வாங்க ஓடாதீர்கள். முதலில் டிக்கியைத் திறந்து, ஓரத்து கார்பெட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் உங்கள் பிரச்சினை பல்பில் இல்லை. மேற்கூரையை மடக்கி வைக்கும் பழைய கார்களில் டெயில் லைட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். தண்ணீர் வந்த வழியை அடைக்காமல் பல்பை மட்டும் மாற்றினால், அடுத்த மழைக்காலத்தில் அதே வேலையைத் திரும்பவும் செய்ய வேண்டியிருக்கும்.

என்னிடம் இருப்பது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை வந்த, ஹெட்லைட் மேலெழும்பி மூடிக்கொள்ளும் அந்தச் சின்ன இரண்டு சீட்டு வண்டி. என்னுடையது ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டு, பிறகு இங்கிலாந்துக்கு இறக்குமதியானது. நான் இருக்கும் கவென்ட்ரியில் மழைக்குக் குறைவே இல்லை. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பும் சேர்ந்துகொள்ளும். இந்தக் காரின் டெயில் லைட்டை நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் தன் வடிவமைப்புச் சேகரிப்பில் வைத்திருக்கிறது. சிவப்பு, ஆரஞ்சு, வெள்ளை மூன்றும் வளைவான ஒரே வடிவத்துக்குள் அடங்கியிருப்பது எனக்கு அவ்வளவு பிடிக்கும். அதனால் முழு செட்டைத் தூக்கிப் போட்டு மலிவான நகலை மாட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிக்க மாட்டேன். பழையதைச் சரிசெய்ய முடியும், அதற்குப் பெரிய கருவிகளும் தேவையில்லை.

ஒரு சாதாரண மல்டிமீட்டர், சின்ன பாக்ஸ் ஸ்பேனர் செட், பிளாஸ்டிக் கிளிப் கழற்றும் கருவி, நைஸ் உப்புத்தாள், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே, மின் இணைப்புகளை ஈரத்திலிருந்து காக்கும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் கொஞ்சம், ஒரு டார்ச். இவ்வளவு போதும்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. இந்தக் காரில் பேட்டரி முன்பக்கம் இல்லை, டிக்கிக்குள் வலது மூலையில் இருக்கிறது. அதாவது வலது டெயில் லைட்டின் பக்கத்திலேயே. மோதிரம், வாட்ச் இரண்டையும் கழற்றி வையுங்கள். ஸ்பேனரின் ஒரு முனை பாசிட்டிவ் டெர்மினலிலும் மறுமுனை பாடியிலும் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரி வாயுவை வெளியே விடும் இரண்டு சின்ன ரப்பர் குழாய்கள் அதன் இடத்தில் மாட்டியிருக்கின்றனவா என்பதையும் அப்படியே பார்த்துவிடுங்கள். மின்சாரம் சோதிக்கும்போது பேட்டரி இணைப்பில் இருக்க வேண்டும். நட்டுகளைக் கழற்றும்போது நெகட்டிவை எடுத்துவிடுங்கள்.

சரி, பல்பு. டிக்கியின் பின்சுவரை மூடியிருக்கும் தட்டியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகளைப் பக்குவமாக எடுக்க வேண்டும். முப்பது வருடப் பிளாஸ்டிக், குளிரில் பட்டென்று ஒடியும். மாற்றுக் கிளிப்புகளை முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. தட்டி நகர்ந்ததும் ஹோல்டர்கள் தெரியும். ஒவ்வொன்றையும் இடப்பக்கமாகத் திருகினால் கையோடு வந்துவிடும்.

சிவப்புப் பகுதியில் இருப்பது இரட்டை இழை பல்பு. டெயிலுக்கு 5 வாட் இழை, பிரேக்குக்கு 21 வாட் இழை. இங்கே உதிரிபாகக் கடையில் 380 என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். இன்டிகேட்டருக்கும் ரிவர்ஸுக்கும் ஒற்றை இழை 21 வாட் பல்பு, அதன் எண் 382. இரட்டை இழை பல்பின் பக்கவாட்டில் உள்ள இரண்டு முளைகளும் ஒரே உயரத்தில் இருக்காது. ஹோல்டரில் உள்ள காடியும் அதற்கேற்றபடிதான் வெட்டியிருக்கும். சரியாகப் பொருந்தவில்லை என்றால் பல்பை எடுத்து அரைச் சுற்று திருப்பிப் போடுங்கள். பலவந்தமாகத் திணித்தால் டெயிலும் பிரேக்கும் இடம் மாறி எரியும். இரவில் பின்னால் வருபவருக்கு நீங்கள் எப்போதும் பிரேக் அடித்துக்கொண்டிருப்பது போலத் தெரியும், உண்மையில் பிரேக் அடிக்கும்போது வெளிச்சம் அதிகமாகாது. இது ஆபத்தான விஷயம்.

பழைய பல்பு போயிற்றா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, இரண்டு இழைகளையும் தனித்தனியாகச் சோதியுங்கள். அறுந்த இழை சில சமயம் பக்கத்து இழையின் மேல் விழுந்து ஒட்டிக்கொள்ளும். அப்போது பிரேக்கை மிதித்தால் டெயில் லைட்டும் டேஷ்போர்டு விளக்கும் சேர்ந்து எரியும். எர்த், அதாவது மின்சாரம் கார் பாடிக்குத் திரும்பும் இணைப்பு, கெட்டிருந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். வித்தியாசம் கண்டுபிடிக்க எளிய வழி, பல்பைக் கழற்றிவிட்டுப் பிரேக்கை மிதிப்பது. கோளாறு மறைந்து, நல்ல பல்பு போட்ட பிறகும் திரும்ப வரவில்லை என்றால் குற்றவாளி பல்புதான்.

திரும்ப வந்தால் எர்த்தைப் பாருங்கள். பழைய கார்களில் ஆட்களை அதிகமாகக் குழப்புவது இந்த எர்த் கோளாறுதான். ஒரு பக்க விளக்குத் தொகுப்பில் உள்ள பல்புகள் எல்லாம் பொதுவான கறுப்பு ஒயர் வழியாகத்தான் கார் பாடிக்குத் திரும்புகின்றன. அந்த ஒயர் பாடியைத் தொடும் இடம் துருப்பிடித்துவிட்டால், 21 வாட் இழையைத் தாண்டி வந்த மின்சாரத்துக்குப் போக வழி இருக்காது. உடனே 5 வாட் இழைக்குள் பின்பக்கமாக நுழைந்து, டெயில் லைட் ஒயர் வழியே ஓடி, மறுபக்க டெயில் லைட், நம்பர் பிளேட் விளக்கு, டேஷ்போர்டு விளக்கு என்று எங்கெல்லாம் நல்ல எர்த் இருக்கிறதோ அங்கே இறங்கும். இன்டிகேட்டர் போட்டால் டெயில் மங்குவதும், பிரேக் அடித்தால் ஆரஞ்சு லேசாகத் துடிப்பதும் இதனால்தான். இங்கே ஆண்டுதோறும் நடக்கும் எம்ஓடி என்ற வாகனத் தகுதிச் சோதனையில், ஒரு விளக்கைப் போட்டால் இன்னொரு விளக்கு பாதிக்கப்படுகிறதா என்று தனியாகவே பார்ப்பார்கள்.

சோதிக்கும் முறை இது. பல்பு மாட்டியபடி இருக்கட்டும், விளக்கும் எரியட்டும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த் தகட்டிலும் மறுமுனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வையுங்கள். பேட்டரி கைக்கெட்டும் தூரத்திலேயே இருப்பது இந்தக் காரில் ஒரு வசதி, வேறு கார்களில் நீளமான ஒயர் இழுக்க வேண்டியிருக்கும். மீட்டர் 0.2 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 1 வோல்ட், 2 வோல்ட் என்று ஏறினால் எர்த் பாயின்ட்டைத் தேடிப் பிடித்துக் கழற்ற வேண்டியதுதான். பல்பைக் கழற்றிவிட்டு இந்தச் சோதனையைச் செய்தால் பயனில்லை. மின்சாரம் ஓடாதபோது கெட்ட எர்த்தும் நல்ல பிள்ளையாகத்தான் காட்டும்.

எர்த் போல்ட்டைக் கழற்றியதும் வளையத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். பெயின்டு விளிம்பில் பழுப்புத் துரு, செம்பு இழைகளின் மேல் பச்சைக் களிம்பு. இரண்டையும் உப்புத்தாளால் பளபளவென்று உலோகம் தெரியும்வரை தேயுங்கள். ஒயரை வளையத்தின் கழுத்துக்கு அருகில் லேசாக வளைத்துப் பாருங்கள். மேலுறைக்குள் செம்பு கறுத்துப் போயிருந்தால் அந்த இடத்தை வெட்டிவிட்டுப் புது வளையம் போடுங்கள், கறுத்த செம்பில் ஈயம் ஒட்டாது. மாட்டி இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் பூசுங்கள். ஹோல்டருக்குள் இருக்கும் பித்தளை முனைகளுக்கும் இதே சிகிச்சைதான், ஆனால் அங்கே உப்புத்தாளைச் சின்னச் சுருளாக்கி மெதுவாகத் தேய்க்க வேண்டும். ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் ஹோல்டரை மாற்றிவிடுவதே மேல்.

இரண்டு பக்கப் பிரேக் லைட்டும் ஒரே நேரத்தில் போனால் டிக்கிக்குள் தலையை விட வேண்டாம். ஃபியூஸ் பெட்டியின் மூடியில் எது எதற்கு என்று அச்சிட்டிருக்கும், பிரேக் லைட் ஃபியூஸை முதலில் பாருங்கள். அது நன்றாக இருந்தால் பிரேக் பெடலுக்கு மேலே உள்ள சுவிட்ச். அதன் கனெக்டரை எடுத்து, இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துப் பாருங்கள். விளக்கு எரிந்தால் சுவிட்ச் போயிற்று அல்லது அதன் இடம் விலகியிருக்கிறது. பிரேக் லைட் அணையவே இல்லை என்றால் சுவிட்ச் முனை வந்து முட்டும் இடத்தில் இருக்கும் குமிழைப் பாருங்கள். பல பழைய ஜப்பானியக் கார்களில் அது பொடியாகிக் கீழே விழுந்துவிடும். ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் எங்கோ ஒயர் உரசுகிறது என்று அர்த்தம். டிக்கி மூடியில் மூன்றாவது பிரேக் லைட் உள்ள கார்களில் கீல் மடங்கும் இடத்தைச் சந்தேகப்படுங்கள். கூட ஆள் இல்லாமல் பிரேக் லைட்டைச் சோதிக்க, துடைப்பக் கட்டையை சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே முட்டுக்கொடுத்தால் போதும்.

இனி தண்ணீர். சீட்டுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் கூரைத் தண்ணீர் வடியும் குழாய்கள் இருக்கின்றன. இலை, மண் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால், நாம் உட்காரும் பகுதிக்குள் தண்ணீர் வரும். டிக்கிக்குள் வருவது பெரும்பாலும் டெயில் லைட் தொகுப்புக்குப் பின்னால் தண்ணீரைத் தடுக்க வைத்திருக்கும் கேஸ்கெட் என்ற அடைப்புப் பட்டை வழியாகத்தான். கண்டுபிடிக்க, கார்பெட்டை எடுத்துவிட்டு விளக்குக்குக் கீழே உள்ள உலோகத்தைக் காயவைத்து, முகப்பவுடரை மெல்லிசாகத் தூவுங்கள். வெளியே ஹோஸை மெதுவாகத் திறந்து, கீழ் ஓரத்திலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு பகுதியாகச் சில நிமிடம் நனையுங்கள். எடுத்த எடுப்பில் மேலே ஊற்றினால் எந்த இடத்தில் நுழைந்தது என்றே தெரியாது. பவுடரில் எறும்பு வரிசை போல ஒரு கோடு விழும். அதன் மேல்முனை எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை.

தொகுப்பைக் கழற்ற, உள்ளிருந்து நட்டுகளை எடுத்துவிட்டு, வெளியே ஹேர் டிரையரால் ஓரங்களைச் சூடாக்குங்கள். பிறகு உள்ளங்கையால் உள்ளிருந்து பரவலாகத் தள்ளுங்கள். ஸ்க்ரூ டிரைவரை வெளிப்பக்கம் விட்டு நெம்பினால் பெயின்டு உரியும், சில சமயம் லென்ஸே விரிசல் விடும். பழைய பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டி எடுங்கள். பெட்ரோல், தின்னர் இரண்டையும் லென்ஸின் அருகில் கொண்டுபோகாதீர்கள், பிளாஸ்டிக்கில் நரம்பு நரம்பாகக் கீறல் விழும். சோப்புத் தண்ணீரே போதும்.

புது கேஸ்கெட் கிடைத்தால் அதுதான் முதல் தேர்வு. இல்லையென்றால் கயிறு மாதிரி வரும் பியூட்டைல் பசையை இடைவெளி விடாமல் சுற்றி ஒட்டுங்கள், இரண்டு முனைகளும் சேரும் இடத்தைக் கீழ்ப்பக்கம் வையுங்கள். குளியலறைச் சிலிக்கான் வேண்டவே வேண்டாம். வினிகர் வாடை வருகிற ரகம் உலர உலர அசிட்டிக் அமிலத்தை விடும், பக்கத்தில் இருக்கும் உலோகம் துருப்பிடிக்கும். நட்டுகளை ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். பசை சமமாக நசுங்கினால் போதும், முழுப் பலத்தையும் காட்ட வேண்டாம்.

யூனோஸ் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1980 ஏப்ரல் 1 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களுக்குப் பின்பக்க மூடுபனி விளக்கு கட்டாயம், அது நடுவிலோ வலதுபக்கத்திலோ இருக்க வேண்டும். ஜப்பானில் ஓடிய கார்களில் அது இருக்காது. இறக்குமதியானபோது பம்பருக்குக் கீழே ஒரு விளக்கைத் தொங்கவிட்டு, நீல நிறப் பிளாஸ்டிக் கவ்வியால் டெயில் லைட் ஒயரைக் கடித்து இணைப்பு எடுத்திருப்பார்கள். அந்தக் கவ்வி ஒயரின் மேலுறையைக் கிழித்துத்தான் செம்பைத் தொடுகிறது. உப்புத் தண்ணீர் உள்ளே போக அதுவே வழி. உங்கள் காரில் அது இருந்தால் வெட்டி எடுத்துவிட்டு, ஈயத்தால் பற்றவைத்து, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாய் போடுங்கள். டெயில் லைட் மங்கலுக்குப் பாதிக் காரணம் சில சமயம் அங்கேயே இருக்கும்.

எல்இடி பல்பு போடலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். சிவப்பு லென்ஸுக்குப் பின்னால் வெள்ளை எல்இடி போட்டால் நிறம் வெளிறும், சிவப்பு எல்இடிதான் வேண்டும். இன்டிகேட்டரில் போட்டால் மின்சாரம் குறைவாக இழுப்பதால், விளக்கை விட்டு விட்டு எரியவைக்கும் ஃபிளாஷர் ரிலே, பல்பு போய்விட்டதாக எண்ணி வேகமாகத் துடிக்கும். அதைச் சமாளிக்க ரெசிஸ்டர் விற்கிறார்கள். அது எல்இடி மிச்சப்படுத்திய வாட்டையெல்லாம் சூடாக மாற்றி, டிக்கித் தட்டியின் பிளாஸ்டிக்குக்கும் ஒயருக்கும் பக்கத்திலேயே வெளியே விடும். எல்இடியேதான் வேண்டும் என்றால் அதற்கேற்ற ஃபிளாஷர் ரிலேயை மாற்றுங்கள். என் காரில் இன்டிகேட்டருக்கு 382 பல்புதான் போட்டிருக்கிறேன். அதே கடையில் இன்னொரு ஜோடி வாங்கி டூல் பையில் வைத்திருக்கிறேன்.