பழைய லப்டொப்பில விண்டோஸோட லினக்ஸையும் போடுற விதம், ரெண்டும் சண்டை பிடிக்காம

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சப்போர்ட் முடிஞ்சுது, விண்டோஸ் 11 எண்டா டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்பு சிப், 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம் எண்டு கேக்கும், இன்டெல் எண்டா பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் கீழ ஏத்துக்கொள்ளாது, அப்ப கிளிநொச்சி வவுனியாவில செகண்ட் ஹாண்டா வாங்கின லப்டொப்புகள் கனக்க வெளியில நிக்குது. தூக்கி எறியாதேங்கோ. லினக்ஸ் எண்டது விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம், சும்மா கிடைக்கும், அதில பாரம் குறைஞ்ச லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஈ எண்ட வகை 2 ஜிபி ரேமிலயே ஓடும், 4 இருந்தா நிம்மதி. விண்டோஸை அழிக்காமலே பக்கத்தில போடலாம். போடுறது லேசு, போட்டாப் பிறகு ரெண்டும் ஒண்டுக்கொண்டு முறைக்கிறதுதான் தலையிடி, அதால அந்த இடங்களைத்தான் கொஞ்சம் நிண்டு சொல்லுறன்.

முதல் வேலை, படங்கள், உயர்தர நோட்ஸ் எல்லாத்தையும் வேற ஒரு இடத்தில கொப்பி பண்ணி வையுங்கோ. இதை விட்டிட்டு அடுத்ததுக்குப் போகாதேங்கோ, உண்மையாத்தான் சொல்லுறன். மின்ட் பைல் கிட்டத்தட்ட 3 ஜிபி வரும், இரவு டேட்டா இருக்கிற பக்கேஜ் எண்டா இரவில டவுன்லோட் போட்டுட்டுப் படுங்கோ. 8 ஜிபி பென்ட்ரைவ் ஒண்டு எடுத்து ரூஃபஸ் எண்ட சின்ன சொப்ட்வெயரால அந்த பைலை அதில ஏத்துங்கோ, பென்ட்ரைவில இருந்தது எல்லாம் அழியும்.

இப்ப விண்டோஸின்ர முதல் குணம். நீங்க ஷட்டவுன் குடுத்தா அது முழுசா நிக்காது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் எண்டு ஒரு சமாச்சாரம் அரை நித்திரையில விட்டிடும், அப்ப லினக்ஸில போய் டி டிரைவைத் திறந்தா பைலைப் பாக்கலாம் ஆனா எழுத விடாது, சிலவேளை திறக்கவே திறக்காது. விசித்திரம் என்னெண்டா ரீஸ்டார்ட் குடுத்தா ஒழுங்கா முழுசா நிக்கும். கண்ட்ரோல் பனலில பவர் ஒப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்யோணும் எண்ட இடத்தில அந்த ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் சரியை எடுத்துவிடுங்கோ. அது மங்கலா இருந்தா மேல நீல எழுத்தில இருக்கிறதை ஒருக்கா அமத்தோணும். அப்பிடியே டிஸ்க்கைப் பூட்டி வைக்கிற பிட்லொக்கர் ஓனில இருக்கோ எண்டும் பாருங்கோ, இருந்தா அந்த ரிக்கவரி கீயை ஒரு கொப்பியில எழுதி வைக்காம அங்கால போகவேண்டாம்.

பிறகு டிஸ்க் மனேஜ்மென்டில சி டிரைவைச் சுருக்கி ஒரு 40, 50 ஜிபி வெறுமையா விடுங்கோ. பென்ட்ரைவைக் குத்தி மெஷினைப் போடேக்க டெல், லெனோவோ எண்டா எஃப்12, எச்பி எண்டா எஃப்9 அமத்தினா எதில இருந்து எழும்பவேணும் எண்டு கேக்கும். மின்ட் இன்ஸ்டால் பண்ணாமலே ஓடும், அப்ப வைஃபை, சவுண்ட் எல்லாம் வேலை செய்யுதோ எண்டு அதிலயே பாக்கலாம். வைஃபை பிடிக்கேல்லயெண்டா பயப்படாதேங்கோ, போனை வயரால கொழுவி யூஎஸ்பி டெதரிங் போட்டா நெட் வரும், அதில டிரைவரை இறக்கலாம். இன்ஸ்டால் பண்ணேக்க விண்டோஸோட பக்கத்தில போடுற ஒப்ஷனைத் தெரிவு செய்யுங்கோ, டிஸ்க்கை அழிக்கிற ஒப்ஷன் பக்கமே போகாதேங்கோ. சார்ஜரையும் கொழுவி பட்டறியும் நிறைச்சு வையுங்கோ, இடையில கரண்ட் போனா அரைகுறையில நிண்டிடும்.

முடிஞ்சு விண்டோஸுக்குத் திரும்பினா காலமை 9 மணிக்கு மணிக்கூடு விடிய 3.30 காட்டும். பட்டறி செத்திட்டுது எண்டு கடைக்குக் கொண்டு ஓடாதேங்கோ. லினக்ஸ் போர்டில இருக்கிற மணிக்கூட்டில கிரீன்விச் நேரத்தை எழுதும், விண்டோஸ் அதை எங்கட நேரமெண்டு வாசிக்கும், எங்களுக்கு ஐந்தரை மணித்தியாலம் வித்தியாசம், அவ்வளவுதான். விண்டோஸில டேட் அண்ட் டைமுக்குள்ள சிங்க் நவ் அமத்தினா அப்போதைக்குச் சரி. நிரந்தரமா எண்டா லினக்ஸ் டெர்மினலில டைம்டேட்சிடிஎல் (timedatectl) கட்டளையால போர்ட் மணிக்கூட்டை உள்ளூர் நேரத்துக்கு மாத்திவிடுங்கோ.

கடைசிப் பிரச்சினை எங்கட ஆக்களுக்கே உரியது, பாமினி எண்ட பழைய தமிழ் எழுத்துரு. பள்ளிக்கூட வினாத்தாள், கோயில் நோட்டீஸ், மரண அறிவித்தல் எண்டு பழைய பைல் கனக்க அதிலதான் கிடக்கு. லினக்ஸில திறந்தா 'தமிழ்' எண்ட இடத்தில ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி எண்டு இங்கிலிஷ் எழுத்தாத் தெரியும். பைல் பழுதில்லை. பாமினி உள்ளுக்கு இங்கிலிஷ் எழுத்தைத்தான் வைச்சிருக்கு, மேல தமிழ் உருவம் போட்டிருக்கு, அந்த எழுத்துரு இல்லாட்டி உள்ளுக்கிருக்கிறது வெளியில வரும். விண்டோஸ் ஃபொன்ட்ஸ் போல்டரில இருந்து பாமினி பைலைக் கொண்டுவந்து ரெண்டுதரம் கிளிக் பண்ணி இன்ஸ்டால் குடுத்தா லிப்ரே ஒஃபிஸில ஒழுங்காத் தெரியும். ஆனா புதுசா அடிக்கிறதை யூனிகோடிலயே அடியுங்கோ, தமிழ் அடிக்க உதவுற ஐபஸ் எண்ட சொப்ட்வெயரோட எம்17என் எண்ட விசைப்பலகைத் தொகுப்பையும் போட்டா ஃபொனெட்டிக், தமிழ்99, ரெங்கநாதன் மூண்டு விசைப்பலகையும் அதுக்குள்ளயே கிடக்கு.