கொஞ்ச தூரம் ஓடி நின்றுபோகும் ஸ்கூட்டருக்கு

கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) உள்ள ஸ்கூட்டர் நாலைந்து கிலோமீட்டர் நன்றாக ஓடிவிட்டு, அப்புறம் இழுவை குறைந்து நின்றுபோகிறதா? கார்புரேட்டரைக் கழற்றுவதற்கு முன் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டு, ஓரிரு நிமிடத்தில் வண்டியும் கிளம்பிவிட்டால் கோளாறு பெரும்பாலும் மூடியில்தான்.

டேங்கில் பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று வரவேண்டும். அதற்காக மூடியில் இருக்கும் நுண்துளையைத் தூசியோ துருவோ அடைத்துவிட்டால், உள்ளே அழுத்தம் குறைந்து பெட்ரோல் கீழே இறங்காது. மூடியைப் பெட்ரோலில் கழுவி, பஞ்சர் கடையில் காற்றடித்தால் போதும். வாயால் ஊதவேண்டாம், பெட்ரோல் வாய்க்குள் போய்விடும்!

காலையில் ஸ்டார்ட் ஆகவே மறுத்தாலோ, ஐடிலில் (ஆக்சிலரேட்டரைத் திருகாமல் விடும்போது) மட்டும் அணைந்தாலோ இது பயன்படாது. அதற்குப் பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடும் கார்புரேட்டரின் சிறு துளை), ஸ்பார்க் பிளக் பக்கம்தான் பார்க்கவேண்டும். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டரே இல்லை. பெட்ரோலைப் பம்ப் தள்ளுவதால் இந்தச் சோதனையை நம்பி முடிவெடுக்க முடியாது.