மனம் சோர்ந்திருக்கும்போது நடக்கத் தொடங்குவது எப்படி?

அம்மா போன பிறகு நான்கு மாதம் கட்டிலை விட்டு எழவே எனக்கு மனம் வரவில்லை. அந்த நிலையில் "தினமும் ஒரு மணி நேரம் நட" என்று யாராவது சொன்னால் அழுகைதான் வரும். அதனால் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

செருப்பை முந்தின இரவே வாசல்படியில் எடுத்து வையுங்கள். போகலாமா வேண்டாமா என்று காலையில் யோசிக்க உட்கார்ந்தால் போச்சு. சோர்ந்த மனம் வேண்டாம் என்றுதான் சொல்லும். நான் மதுரை தெப்பக்குளத்தின் ஒரு பக்கம் மட்டும் போய்த் திரும்பினேன். குளத்துச் சுவரில் கை உரசிக்கொண்டே, மைய மண்டபத்தைப் பார்த்தபடி. முழுச் சுற்று வர மூன்று வாரம் ஆனது. எனக்கு முதலில் திரும்பியது தூக்கம், அப்புறம் பசி. மனம் கடைசியில்தான் லேசானது. பொறுமையாக இருங்கள்.

வேகம்? பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது என்கிறது. அதை மெல்ல எட்டலாம். ஒருநாள் விட்டுப்போனால் மறுநாள் போங்கள், சரியா?

மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே வேண்டாம். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் நடையை விடுங்கள், உடனே 14416-ஐ அழையுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.