ஐசிஜி பச்சை ஒளி: கருப்பைப் புற்றுநோய் அறுவையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாம்பன், கீழக்கரை, தொண்டி என்று இராமநாதபுரம் கடற்கரை ஊர்களிலிருந்து மதுரைக்குப் போய், லேப்ராஸ்கோப்பியில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொள்பவர்களின் வீட்டார் “லைட் அடிச்சுப் பாத்துட்டாங்க, பரவலையாம்” என்று நிம்மதி அடைந்துவிடக் கூடாது. ஐசிஜி எனப்படும் இண்டோசயனின் கிரீன் சாயம் புற்றுநோய்ச் செல்லைத் தேடிப் பிடிப்பதில்லை. கர்ப்பப்பை வாயில் ஊசி போட்டதும், அங்கிருந்து நிணநீர் எந்த வழியாக ஓடி எந்த நிணநீர் முடிச்சில் முதலில் சேர்கிறது என்பதைத்தான் காட்டும். அந்த முதல் முடிச்சே காவல் முடிச்சு (சென்டினல் நோட்). அங்கே சேர்ந்த சாயம் 800 நானோமீட்டரை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியை வாங்கி, 830-ஐ ஒட்டி ஒளிரும். கேமரா அதை மானிட்டரில் பச்சையாக்கித் தருகிறது. பச்சையாகத் தெரியும் முடிச்சில் நோய் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்.

இதைவிட ஆபத்தானது, ஒளிராத முடிச்சை விட்டுவிடுவது. நோய் முழுக்க அடைத்துக்கொண்ட முடிச்சுக்குள் நிணநீர் நுழைய முடியாது, சாயமும் போகாது. வீங்கியோ கெட்டியாகவோ இருக்கும் முடிச்சு இருட்டாகவே கிடந்தாலும் எடுத்தாக வேண்டும். இடுப்பின் ஒரு பக்கம் மட்டும் நிணநீர் வழி தெரிந்தால், தெரியாத பக்கத்தில் மறுபடி ஊசி போட்டுப் பார்க்கலாம். அதன்பிறகும் தெரியவில்லை என்றால் அந்தப் பக்கத்து முடிச்சுகளை முழுதாக நீக்கச் சொல்கிறது வழிமுறை. இந்த முறையைச் சோதித்து 2017-இல் வெளியான ஃபயர்ஸ் (FIRES) ஆய்வில், காவல் முடிச்சு தெரிந்து நோயும் பரவியிருந்தவர்களில் 97.2 சதவீதம் பேரிடம் அந்தப் பரவல் சிக்கியது. பலரும் இந்த எண்ணோடு நின்றுவிடுகிறார்கள். அதே ஆய்வில் இரண்டு பக்கமும் வழி தெரிந்தது 52 சதவீதம் பேருக்குத்தான்.

தியேட்டரில் நடக்கும் தவறுகளில் முதலாவது, சாயத்தை நார்மல் சலைனில் கரைப்பது. உப்பு பட்டால் ஐசிஜி திரண்டுவிடும். 25 மில்லிகிராம் குப்பிக்கு ஊசிக்கான சுத்த நீர் 20 மில்லி; கரைத்த 6 மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஊசி போடுவது கர்ப்பப்பை வாயில், கடிகார முகப்பில் 3, 9 இருக்கும் திசைகளில் மேலாக 1–3 மில்லிமீட்டரிலும் ஆழமாக 1–3 சென்டிமீட்டரிலும் ஒவ்வொரு மில்லியாக, மொத்தம் 4 மில்லி. வேகமாகத் தள்ளினால் சாயம் பின்வாங்கி வெளியே வழியும், முடிச்சுக்குப் போய்ச் சேராது. உள்ளே இடுப்புப் பகுதியைப் பிரிக்கும்போது நிணநீர்க் குழாய் அறுந்தால் சுற்றிலும் பச்சை பரவி, முடிச்சு எது கசிவு எது என்று தெரியாமல் போகும். கொழுப்புக்குள் ஏறக்குறைய 1 சென்டிமீட்டருக்கு மேல் புதைந்திருப்பதைக் கேமரா காட்டாது. ஒளிர்ந்த கொழுப்பை முடிச்சு என்று நினைத்து அனுப்பிவிடுவதும் உண்டு. பரிசோதனையில் முடிச்சே இல்லை என்று வந்தால் அந்தப் பக்கம் பார்க்கப்படவில்லை என்றுதான் பொருள்.

நம் கரையோரத்துக்கென்று ஒரு தவறு இருக்கிறது: இறால், நண்டு ஒத்துக்கொள்ளாது என்பவரின் கேஸ் ஷீட்டில் ‘அயோடின் அலர்ஜி’ என்று எழுதிவிடுவது. அந்த ஒவ்வாமைக்குப் பெரும்பாலும் ட்ரோபோமயோசின் என்னும் புரதமே காரணம், அயோடின் அல்ல. பல ஐசிஜி தயாரிப்புகளில் சிறிதளவு சோடியம் அயோடைடு உண்டு. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி, முன்பு ஐசிஜியோ ஸ்கேனுக்கான அயோடின் மருந்தோ போட்டபோது தடிப்பு, மூச்சுத் திணறல் வந்ததா என்பதுதான். சாயம் போட்ட பிறகு ஒரு வாரத்துக்குக் கதிரியக்க அயோடின் தைராய்டு பரிசோதனை செய்யக் கூடாது.

தையல் பிரித்ததோடு ஊர் திரும்பி, பயாப்ஸி அறிக்கையை வாங்காமல் விடுவது வீட்டார் செய்யும் பெரிய தவறு. பரவலா இல்லையா என்பதை முடிவு செய்வது அந்த அறிக்கைதான். காவல் முடிச்சை மெல்லிய அடுக்குகளாக வெட்டி, புற்றுநோய்ச் செல்லை எடுத்துக்காட்டும் சைட்டோகெராட்டின் சாயமேற்றியும் பார்த்தார்களா என்று கேளுங்கள். 2 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட நோய்த் திட்டு, 0.2 முதல் 2 வரையிலான நுண்திட்டு, அதற்கும் குறைவான தனிச் செல்கள் என மூன்றில் எது என்பதைப் பொறுத்து அடுத்த சிகிச்சை மாறலாம். தொடர் கவனிப்பை இராமநாதபுரத்திலேயே பார்த்துக்கொள்வதாக இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு இந்த அறிக்கையையும், எந்தப் பக்கம் முடிச்சு தெரிந்தது, எந்தப் பக்கம் தெரியவில்லை என்று எழுதிய அறுவைக் குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கி வாருங்கள்.