சிலை முன்னால் ஒரு செயல் ஆராய்ச்சி: நான் சறுக்கிய இடமும் சேர்த்து

ஆசிரியர் தன் வகுப்பிலேயே ஒரு முறையைச் செய்து பார்த்து, பலனைக் கவனித்து, திருத்திக்கொள்வதுதான் செயல் ஆராய்ச்சி. அதன் ‘திட்டமிடு, செய், கவனி, திரும்பிப் பார்’ என்ற சுழற்சியை ஆசிரியர் பயிற்சிக் காலத்திலேயே படித்திருப்பீர்கள். பொது இடத்துச் சிலையை ரசிக்கக் கற்றுக்கொடுப்பதில் அதை எப்படிச் செய்வது என்று நேராகப் பார்க்கலாம்.

படி 1: ஆய்வுக் கேள்வி

என் முதல் சுழற்சி வீணானது இங்கேதான். ‘மாணவர்களின் கலை ரசனையை மேம்படுத்துதல்’ என்று பெரிதாகத் தலைப்பு வைத்துக்கொண்டு, “இந்தச் சிலை பிடித்திருக்கிறதா?” என்று பாடத்துக்கு முன்னும் பின்னும் ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னேன். கடைசியில் எல்லோரும் ஐந்து போட்டார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் உறைத்தது: பிள்ளைகள் மதிப்பெண் போட்டது சிலைக்கு அல்ல, எனக்கு.

பிடிப்பது வேறு, ரசிக்கத் தெரிவது வேறு. பிடிக்காத சிற்பத்தைப் பற்றியும் ஒரு பிள்ளை நுணுக்கமாகப் பேசலாம். அதனால் கேள்வியை மாற்றினேன்: ‘தன் கருத்துக்குப் படைப்பிலிருந்தே எத்தனை காரணம் காட்டுகிறார்கள்?’ இதை எண்ண முடியும். முன்தேர்வுக்கும் பின்தேர்வுக்கும் ஒரே சிலையைக் கொடுக்காதீர்கள். பழகிய சிலையைப் பற்றி யாருக்கும் நாலு வரி கூடுதலாக வரும்.

படி 2: பார்க்க வைப்பது

கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மேன் சொன்ன நான்கு கட்டங்கள் போதும்: விவரித்தல், பகுத்தல், பொருள் காணுதல், மதிப்பிடுதல். பாதி நேரத்தை விவரித்தலுக்கே கொடுங்கள். பெயர்ப்பலகையை மறைத்துவிடுங்கள், தலைப்பைப் படித்தவுடன் பிள்ளைகள் பார்ப்பதை நிறுத்திவிடுகிறார்கள். சுற்றி நடக்க விடுங்கள். நேரில் போக வழியில்லையென்றால் நாலு பக்கப் படமும், அளவு புரிய அருகில் ஓர் ஆள் நிற்கும் படமும் வேண்டும்.

படி 3: இது ஏன் இங்கே?

பொது இடத்துச் சிலைக்கு எழும், அருங்காட்சியகப் படைப்புக்குப் பெரும்பாலும் எழாத கேள்வி இது. அமெரிக்கச் சிற்பி ரிச்சர்ட் செர்ராவின் ‘டில்ட்டட் ஆர்க்’ (சாய்ந்த வில்) இதற்கு அருமையான உதாரணம். 1981இல் நியூயார்க்கில் அரசு அலுவலகங்களுக்கு முன்னால் உள்ள சதுக்கத்தின் குறுக்கே நிறுவிய, சுமார் 36 மீட்டர் நீள எஃகுச் சுவர். வழியை மறிக்கிறது என்று அங்கே வேலை செய்தவர்கள் பலர் எதிர்த்தார்கள். அந்த இடத்துக்காகவே செய்தது, நகர்த்தினால் அழித்ததற்குச் சமம் என்றார் செர்ரா. 1989இல் அகற்றிவிட்டார்கள். வகுப்பை இரண்டு கட்சியாகப் பிரித்து வாதாட விடுங்கள், பாதியில் கட்சி மாற்றுங்கள். என் வகுப்பில் நல்ல காரணங்கள் வந்ததெல்லாம் மாற்றிய பிறகுதான்.

படி 4: தரவு

இணையப் படிவம் வேண்டாம், நோட்டுப் புத்தகம்தான் என் கட்சி. அடித்துத் திருத்திய வரிகள் அதில்தான் தெரியும். பேச்சைப் பதிவு செய்ய ஒலி போதும். கேமராவைக் கண்டால் பிள்ளைகள் நடிக்க ஆரம்பிக்கிறார்கள். எதைப் பதிவு செய்தாலும் பெற்றோர் அனுமதி முதலில். பெயரை மறைத்துச் சில நோட்டுகளைக் கொடுத்து, அவற்றில் உள்ள காரணங்களை இன்னொரு ஆசிரியரையும் எண்ணச் சொல்லுங்கள்.

பிறகு சேர்த்தது: “எழுத வராத பிள்ளையை என்ன செய்வது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி, எழுத்தை மட்டும் எண்ணினால் மொழித்திறனைத்தான் அளப்போம். பேச வைத்து அதையும் எண்ணுங்கள். இன்னொருவர் வகுப்பில் எல்லோரும் “ஏனென்றால் அழகாக இருக்கிறது” என்று எழுதித் தள்ளியிருக்கிறார்கள். சிலையில் விரல் வைத்துக் காட்ட முடிந்தால்தான் அது காரணம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.